டிஸ்னி வேர்ல்டில் கதைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பூங்காக்கள். ரைடுகளைப் பற்றி எல்லோரும் விசாரித்துக்கொண்டுதான் போகிறார்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் போனேன். மூன்று நாளும் பொரித்த உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். அதற்கப்புறம் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தபோது, தோழிகளின் குடும்பங்கள் கிளம்பியபோது என்று பல முறை திட்டம் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் என்னிடம் வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் விலைகளை எழுதவில்லை, அவை அடிக்கடி மாறும். ஒவ்வொரு உணவகத்தின் மெனுவும் விலையும் டிஸ்னியின் தளத்திலேயே இருக்கின்றன.

தீம் உணவகம் என்றால் சுவரில் படம் மாட்டிய ஹோட்டல்தானே? அப்படி என்ன வித்தியாசம்?

சுவரில் படம் மாட்டினால் அது அலங்காரம். இங்கே உங்களையே ஒரு கதைக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள். மேஜிக் கிங்டமில் 2012-இல் திறந்த 'பீ அவர் கெஸ்ட்' உணவகத்தை எடுத்துக்கொள்வோம். அழகியும் அரக்கனும் கதையில் வரும் கோட்டைதான் உணவகம். கல்பாலத்தைத் தாண்டி உள்ளே போனால் உயரமான நடன மண்டபம், பெரிய ஜன்னல்கள், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. வெளியே ஃப்ளோரிடா வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். பக்கத்து அறைக்குப் போனால் ஒரே இருட்டு. கிழிந்த ஓவியம் ஒன்று, இடி மின்னல், இதழ் உதிரும் ரோஜா. ஒரே உணவகம்தான். ஆனால் எந்த அறையில் இடம் கிடைக்கிறதோ, அதைப் பொறுத்துச் சாப்பாட்டு அனுபவமே வேறாகிவிடும்.

இதெல்லாம் புதிய யோசனை இல்லை. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் 'ப்ளூ பாயூ' என்ற உணவகம் 1967 மார்ச்சில், கடற்கொள்ளையர் படகு ரைடோடு சேர்ந்தே திறந்தது. படகு கிளம்பும் நீரோடையின் கரையில்தான் மேசைகள். பகல் 12 மணிக்குப் போனாலும் உள்ளே அந்தி நேரம், மரங்களுக்கிடையே மின்மினிகள். சாப்பிடுகிறவர்கள் படகில் போகிறவர்களைப் பார்ப்பார்கள், அவர்கள் இவர்களைப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் காட்சி. பின்னால் வந்த பல உணவகங்களில் இந்த வித்தையைத்தான் பார்க்கிறோம்: வெளிச்சத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்வது, நேரத்தை ஒரே இடத்தில் நிறுத்திவிடுவது, மேசைக்கு அந்தப் பக்கம் ஏதாவது நடந்துகொண்டே இருப்பது.

ஆகவே நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதி அந்த இடத்துக்கு. இதை மனத்தில் வாங்கிக்கொண்டு தேர்வு செய்தால் ஏமாற்றம் இருக்காது. "சாப்பாடு நன்றாக இருக்குமா?" என்பதோடு "அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார எங்களுக்குப் பிடிக்குமா?" என்றும் கேளுங்கள்.

எந்தெந்த உணவகங்கள் உண்மையிலேயே போக வேண்டியவை?

என் கணக்கில் முதலில் ஹாலிவுட் ஸ்டூடியோஸில் உள்ள 'ஃபிஃப்டீஸ் ப்ரைம் டைம் கஃபே'. 1989-இல் அந்தப் பூங்கா திறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1950-களின் அமெரிக்க வீட்டுச் சமையலறைதான் களம். பழைய கறுப்பு வெள்ளை டிவி, பளபளக்கும் மேசை, பாட்டி காலத்துத் திரைச்சீலை. பரிமாறுகிறவர் சர்வர் இல்லை, உங்கள் அத்தை, பெரியம்மா அல்லது மாமா மகன். "கை கழுவினாயா?" என்பார். முழங்கையை மேசையில் வைத்தால் அதட்டுவார். பீன்ஸை மிச்சம் வைத்தால், நாற்பது வயது ஆளாக இருந்தாலும் கரண்டியில் எடுத்து ஊட்ட வருவார். என் அம்மாவுக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனால் தட்டைக் காலி செய்யாத என் கணவரை அந்த அம்மாள் அதட்டியது முழுதாகப் புரிந்தது. அந்தப் பயணத்தில் அம்மா அவ்வளவு சிரித்த இடம் வேறில்லை. உணவு, அவர்கள் ஊர் வீட்டுச் சாப்பாடு: பொரித்த கோழி, வேகவைத்த மாட்டிறைச்சி, பிசைந்த உருளைக்கிழங்கு. வேர்க்கடலை வெண்ணெயும் ஜெல்லியும் சேர்த்த மில்க் ஷேக்கை மட்டும் தவறவிடாதீர்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் யாராவது உடன் வந்தால் முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் உண்மையாகவே திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதே பூங்காவில் 1991-இல் வந்தது 'சை-ஃபை டைன்-இன்'. காரில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு மாதிரி அமைத்திருக்கிறார்கள். மேலே நட்சத்திர வானம், எதிரே பெரிய திரையில் பழைய விண்வெளிப் படங்களின் துண்டுக் காட்சிகள், நீங்கள் உட்காருவது பழைய கார் ஒன்றில். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் காரில் எல்லோரும் திரையைப் பார்த்தே உட்கார வேண்டும், குடும்பமாக முகம் பார்த்துப் பேச முடியாது. பர்கர், மில்க் ஷேக் என்று எளிய சாப்பாடு. ஒரு முறை போதும்.

எப்காட்டில் பல நாடுகளுக்குத் தனித்தனி அரங்குகள் உண்டு. அவற்றில் மெக்ஸிகோ அரங்கின் பிரமிடுக்குள்ளே 'சான் ஆங்ஹெல் இன்'. 1982-இல் எப்காட் திறந்தபோதே வந்தது. மெக்ஸிகோ நகரத்தில் அதே பெயரில் இருக்கும் புகழ்பெற்ற உணவகத்தின் வழி வந்தது. உள்ளே எப்போதும் இரவு. பக்கத்தில் தண்ணீர், அதில் மெதுவாகப் போகும் படகுகள், தூரத்தில் புகையும் எரிமலை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மெனுவைப் படிக்க முடியாமல் போனின் டார்ச்சைப் போட வேண்டியிருக்கும். ஆனாலும் ஓர் இரவு கணவன் மனைவி இருவர் மட்டும் சாப்பிட வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஜெர்மனி அரங்கின் 'பியர்கார்ட்டன்' பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. அக்டோபர் திருவிழா நடக்கும் ஊர்ச் சதுக்கம் போன்ற கூடம், நடுவில் மேடையில் இசைக்குழு, பஃபே சாப்பாடு. நீள மேசையில் முன்பின் தெரியாத குடும்பத்தோடு சேர்த்து உட்கார வைப்பார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு பேசிப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. அமெரிக்கர்களுக்குத்தான் முதல் பத்து நிமிடம் சங்கடம்.

விண்வெளி உணவகம் என்கிறார்களே, அது எப்படி?

எப்காட்டில் 2021 செப்டம்பரில் திறந்த 'ஸ்பேஸ் 220'. பூமிக்கு மேலே 220 மைல், அதாவது ஏறக்குறைய 354 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் விண்வெளி நிலையத்தில் சாப்பிடுவதாகக் கதை. வட்டமான லிஃப்ட் அறைக்குள் நின்றதும் தரையில் உள்ள ஜன்னல் வழியாக எப்காட் சிறுத்துக்கொண்டே போகும், தலைக்கு மேலே நிலையம் நெருங்கி வரும். உண்மையில் நீங்கள் மேலே போவதில்லை. திரையும் ஒலியும் செய்யும் வேலை அது. அப்புறம் கூடத்தில் மிகப் பெரிய ஜன்னல்கள், அவற்றில் பூமி. நேரம் போகப் போகப் பகல் இரவாகும், விண்வெளி வீரர்கள் மிதந்து போவார்கள்.

காட்சி அபாரம், மறுக்கவே முடியாது. ஆனால் உணவு முழுச்சாப்பாடாக நிலையான விலையில்தான் கிடைக்கும், அது கனமான விலை. நாலு பேர் போனால் பில்லைப் பார்த்ததும் மனம் சுருங்கும். அங்கேயே லவுஞ்ச் பகுதி உண்டு. அங்கே சிறு தட்டுகளாக வாங்கலாம், பூமி அங்கிருந்தும் தெரியும். நான் யாருக்கும் லவுஞ்சைத்தான் சொல்கிறேன்.

இதேபோல, எப்காட்டின் 'கோரல் ரீஃப்' உணவகத்தின் ஒரு பக்கம் முழுவதும் 57 லட்சம் காலன் கொள்ளும் மீன்தொட்டியின் கண்ணாடி. சுறாவும் திருக்கையும் உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் நீந்தும். ஆனால் அதே தொட்டியைப் பக்கத்து அரங்கில் பூங்கா டிக்கெட்டிலேயே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். மெனுவில் மீன்தான் பிரதானம். சைவக் குடும்பம் என்றால் அந்த அரங்குக்குப் போங்கள், உணவகத்தை விட்டுவிடுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினியாகத் திரும்ப வேண்டுமா?

இல்லவே இல்லை. டிஸ்னி வேர்ல்டின் மெனுக்களில் 2019-லிருந்து ஓர் இலைக் குறி போடுகிறார்கள். அந்தக் குறி இருந்தால் இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் எதுவும் இல்லாமல் தாவரப் பொருட்களால் செய்தது என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம்.

குறி இல்லாத, ஆனால் சைவம் போலத் தெரியும் உணவுகளில்தான் கவனம் தேவை. அமெரிக்காவில் 'வெஜிடேரியன்' என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். சோற்றையும் காய்கறி சூப்பையும் கோழி வடிசாற்றில் செய்வது சகஜம். மெக்ஸிகன் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். சீசர் சாலட் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. மார்ஷ்மெல்லோ, மூஸ் போன்ற இனிப்புகளில் ஜெலட்டின், அதாவது விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஒரு பயணத்தில், ஒரு உணவகத்தில், என் அப்பா பாதிச் சோறு சாப்பிட்ட பிறகுதான் அது கோழிச் சாற்றில் வெந்தது என்று தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து நான் நேராகவே கேட்டுவிடுகிறேன்: "இதில் இறைச்சி, மீன், முட்டை இல்லை, சரி. எதில் வேகவைத்தீர்கள்? இறைச்சி பொரித்த எண்ணெயிலா இதையும் பொரித்தீர்கள்?" யாரும் முகம் சுளித்ததில்லை. சந்தேகம் இருந்தால் சமையற்கட்டில் போய்க் கேட்டுவந்து சொல்கிறார்கள்.

டேபிள் புக் செய்யும்போதே ஒவ்வாமை, உணவுக் கட்டுப்பாடு பற்றிக் குறிப்பிட இடம் உண்டு. அங்கே எழுதுங்கள், போய் உட்கார்ந்ததும் சர்வரிடம் மறுபடியும் சொல்லுங்கள். வேர்க்கடலை, பால், கோதுமை போன்ற ஒவ்வாமைகளுக்குத் தனி மெனு அட்டையே வைத்திருக்கிறார்கள். வெங்காயம், பூண்டு சாப்பிடாதவர்களுக்குத்தான் கஷ்டம், சாஸ்கள் எல்லாம் முன்கூட்டியே தயாரானவை. அவர்கள் கையில் ஏதாவது எடுத்துப்போவது நல்லது.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாமா?

போகலாம். டிஸ்னி வேர்ல்ட் பூங்காக்களுக்குள் சொந்த உணவு கொண்டுவர அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, மது கூடாது, சூடாக்க வேண்டிய உணவு கூடாது. வாசலில் பையைச் சோதிக்கும்போது "சாப்பாடு இருக்கிறது" என்று நீங்களே சொல்லிவிட்டால் வேலை சுலபம். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நன்றாகத் தாங்கும். தயிர்சாதத்தை ஃப்ளோரிடா வெயிலில் மதியம் வரை வைக்காதீர்கள், பத்து மணிக்கே தீர்த்துவிடுங்கள். குடிக்கும் தண்ணீரை விலை கொடுத்து வாங்க வேண்டாம். பானம் விற்கும் விரைவு உணவுக் கவுண்டர்களில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் இலவசமாகத் தருவார்கள்.

நான் செய்வது இதுதான்: காலையும் மதியமும் பையில் இருக்கும் சாப்பாடு, ஒரு வேளை மட்டும் நல்ல தீம் உணவகம். நாலு நாளுக்கு நாலு உணவகம் என்று அலைந்தால் பணமும் போகும், பிள்ளைகளும் களைத்துவிடுவார்கள்.

புக்கிங் எப்போது, எப்படிச் செய்வது?

60 நாட்களுக்கு முன் திறக்கும், அதிகாலையில். பெயர் பெற்ற இடங்களுக்கு அன்றே செய்தாக வேண்டும். டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குபவர்களுக்கு ஒரு சலுகை: வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்பே, அன்றிலிருந்து 10 நாள் வரைக்கும் சேர்த்து ஒரே மூச்சில் புக் செய்யலாம். ஆகவே கூட்டம் அதிகமுள்ள உணவகத்தைப் பயணத்தின் கடைசி நாட்களில் வைத்துக்கொண்டால் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

கிரெடிட் கார்டு எண் கேட்பார்கள். வராமல் போனாலோ, கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ பெரும்பாலான இடங்களில் ஆளுக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் ஒன்றும் இல்லை. முன்பணம் முழுவதும் கட்டும் சில நிகழ்ச்சி விருந்துகளுக்கு விதி வேறு, அதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

60 நாளுக்கு முன் யோசிக்கவே இல்லை. இனி வழி உண்டா?

உண்டு. மேலே சொன்ன ரத்து விதியையே உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். திட்டம் மாறியவர்கள் முந்தின இரவும் அன்று காலையும் புக்கிங்கை விடுவிப்பார்கள். அந்த நேரங்களில் டிஸ்னியின் செயலியைத் திறந்து திறந்து பாருங்கள். இரண்டு பேருக்குக் கிடைக்கும் அளவுக்கு ஆறு பேருக்குக் கிடைக்காது. ஆறு பேரென்றால் மூன்று மூன்றாகத் தேடிப் பாருங்கள், அங்கே போய்க் கேட்டால் சில சமயம் பக்கத்துப் பக்கத்து மேசை தருவார்கள். பல உணவகங்கள் அன்றைக்கு அன்று காத்திருப்புப் பட்டியலும் வைக்கின்றன. உணவக வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதே செயலியில் சேரலாம்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மதியம் இரண்டரை, மூன்று மணிக்கு டேபிள் சுலபமாகக் கிடைக்கும். ஃப்ளோரிடாவில் கோடைகாலத்தில் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இடி மழை கொட்டும். எல்லோரும் நனைந்துகொண்டு ஓடும்போது நீங்கள் ஏசியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

மெனுவில் போட்ட விலைதான் பில்லா?

இல்லை. 6.5 சதவீதம் விற்பனை வரி, அதற்கு மேல் டிப்ஸ். டேபிள் சர்வீஸ் என்றால் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது இங்கே வழக்கம், பரிமாறுகிறவரின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். 200 டாலருக்குச் சாப்பிட்டால் வரி 13, டிப்ஸ் 36, ஆக 249 டாலர். ஆறு பேரோ அதற்கு மேலோ போனால் 18 சதவீதத்தை அவர்களே பில்லில் சேர்த்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் இன்னொரு முறை வைத்துவிடாதீர்கள்.

10 வயதானால் பெரியவர் விலை. 3 முதல் 9 வரை குழந்தை விலை. 3 வயதுக்குக் கீழே இருந்தால் பஃபேயிலும் நிலையான விலைச் சாப்பாட்டிலும் கட்டணம் இல்லை.

மிக்கியோடு சாப்பிட வேண்டும் என்று மகள் கேட்கிறாள். எங்கே போகலாம்?

டிஸ்னியின் கன்டெம்பரரி ஹோட்டலில் இருக்கும் 'ஷெஃப் மிக்கீஸ்' பேர்போனது. மோனோரயில் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்து போகும், பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். கூட்டமும் சத்தமும் அதிகம். எனக்குப் பிடித்தது எப்காட்டின் 'கார்டன் கிரில்'. உணவகமே மெதுவாகச் சுழலும், கீழே படகு ரைடின் காடும் பண்ணை வீடும் கடந்து போகும். உணவு மேசைக்கே வரும். பஃபேக்கு எழுந்து போன நேரத்தில் மிக்கி வந்துவிட்டுப் போய்விட்டார் என்ற அழுகை அங்கே நேராது. கோட்டைக்குள் இளவரசிகளோடு சாப்பிடும் 'சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள்' விலை மிக அதிகம். மகள் அந்தக் கதையில் மூழ்கிக் கிடக்கும் வயதென்றால் மட்டும் போங்கள்.

உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. கவுண்டர் உணவிலும் இந்தக் கதை அனுபவம் உண்டா?

ஹாலிவுட் ஸ்டூடியோஸில் 2019-இல் திறந்த ஸ்டார் வார்ஸ் பகுதியில் நிறையவே உண்டு. அங்கே கோலா பாட்டில்கூட உருண்டையாக, அந்த உலகத்து எழுத்தில் பெயர் போட்டு வரும். நீலப் பால் என்று ஒன்று விற்பார்கள். தேங்காய்ப் பாலும் அரிசிப் பாலும் கலந்து பழச்சுவை சேர்த்து உறைய வைத்தது, மாட்டுப்பால் கிடையாது. கவுண்டர் உணவுக்கு வரிசையில் நிற்காமல் செயலியிலேயே ஆர்டர் கொடுத்துவிடலாம்.

ஒரே ஒரு உணவகத்துக்குத்தான் போக முடியும் என்றால்?

சனா. யோசிக்காமல் சொல்வேன். அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலின் கிடானி வில்லேஜ் பகுதியில் இருக்கிறது, திறந்தது 2009-இல். பூங்காவுக்கு வெளியே இருப்பதால் டிக்கெட் வேண்டாம், அங்கே தங்கவும் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே திரையோ பொம்மையோ இல்லை. புல்வெளியில் உண்மையான ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் நீண்ட கொம்பு அங்கோலே மாடுகளும் மேய்ந்துகொண்டிருக்கும்.

உணவு ஆப்பிரிக்க, இந்தியச் சமையலின் கலவை. இந்துமாக் கடலின் இரு கரைகளுக்கும் இடையே நடந்த வணிகம் ஆப்பிரிக்கச் சமையலில் விட்டுச்சென்ற சுவை அது. தந்தூர் அடுப்பில் சுட்ட ரொட்டிகளைத் தொட்டுக்கொள்ள ஒன்பது வகைகளோடு ஒரு தட்டு வரும். மாம்பழச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, புளிச் சட்னி, வெள்ளரித் தயிர்ப் பச்சடி, பூண்டு ஊறுகாய், மிளகாய் சம்பல் என்று. மூன்று நாள் பர்கரும் பீட்சாவும் பார்த்த நாக்குக்கு அந்த ஊறுகாய் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. நாலு பேர் இரண்டு தட்டு வாங்கினால் போதும், வயிறு நிறைந்துவிடும். அதே ஹோட்டலின் இன்னொரு கட்டடமான ஜாம்போ ஹவுஸில் 'போமா' பஃபேயும் நல்ல இடம்தான். ஆனால் அங்கே எல்லோரும் எடுக்கும் வரிக்குதிரைக் கோடு போட்ட இனிப்பில் அமருலா என்ற மது சேர்கிறது. பிள்ளைகள் தட்டில் வைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சனாவுக்கு இருட்டிய பிறகு போகாதீர்கள், விலங்குகள் கண்ணுக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு, அல்லது சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வருகிற மாதிரி புக் செய்யுங்கள். அங்கே போய் வாசலில் பேர் சொல்லும்போது ஜன்னலோர மேசை வேண்டும் என்று கேளுங்கள். உறுதி தர மாட்டார்கள், பத்து நிமிடம் காத்திருந்தால் பல சமயம் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டாலும், சாப்பிட்டுவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தால் அதே புல்வெளியை ஒட்டி நின்று பார்க்க இடம் இருக்கிறது. என் அப்பா அங்கே ஒரு மணி நேரம் நின்றார்.